ஊமைத் தீர்ப்பும் பேசும் மதிப்பெண்ணும்

சென்ற தை மாதத்து மாலையொன்றில், வண்டியூர்த் தெப்பக்குளத்தின் படிகளில் உட்கார்ந்து, மைய மண்டபத்தின் மேல் வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் சகோதரியின் மகள் தன் கைபேசியை என் கையில் கொடுத்தாள். அவள் எழுதி இணையத்தின் வழியே சமர்ப்பித்திருந்த கட்டுரையின் தலைப்பும், அதன் எதிரே 20க்கு 14 என்ற எண்ணும் திரையில் இருந்தன. வேறு ஓர் எழுத்தும் இல்லை.

"பதினாலு ஒண்ணும் குறைச்சல் இல்லையேம்மா" என்றேன்.

"குறைச்சல்னு யாரு மாமா சொன்னா? மிச்சம் ஆறு எங்க போச்சுன்னுதான் கேக்குறேன். என் பக்கத்துல உக்காந்து எழுதுன பிள்ளைக்குப் பதினேழு. அவ எதுல மேல, நான் எதுல கீழன்னு தெரிஞ்சாத்தான அடுத்த தடவை சரி பண்ணிக்கிருவேன்?"

குழந்தை கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எழுந்த ஊர் மதுரையாக இருந்தது எனக்கு ஓர் ஆறுதலைத் தந்தது. ஏனெனில், பிறர் எழுதியதை எடைபோடுவது என்ற சிரமமான காரியத்தைப் பற்றி இந்த ஊர் நெடுங்காலமாகக் கதை சொல்லி வந்திருக்கிறது. பொற்றாமரைக் குளத்தோடு சேர்த்துப் பேசப்படும் சங்கப் பலகை, தகுதியுள்ள புலவருக்கு இடம் கொடுத்து நீண்டது என்றும், தகுதியற்றவருக்கு இடம் கொடாமல் சுருங்கியது என்றும் சொல்வார்கள். இடம் கிடைக்காத புலவர் ஒருவர், "என்னிடம் என்ன குறை கண்டாய்?" என்று அந்தப் பலகையைக் கேட்டிருந்தால் அது என்ன சொல்லியிருக்கும்? பலகைக்கு நீளத் தெரியும், சுருங்கத் தெரியும், பேசத் தெரியாது.

அதைக் காட்டிலும் விசித்திரமான நீதிபதி ஒருவன் இறையனார் அகப்பொருளின் உரையில் வருகிறான். இறைவனே இயற்றியதாகக் கருதப்பட்ட 60 சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர் 49 பேரும் தனித்தனியே உரை கண்டு, எவருடைய உரை மெய்யுரை என்று தம்முள் நிச்சயிக்க மாட்டாமல் திகைத்து நின்றபோது, உப்பூரி குடிகிழாரின் மகனான உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைச் சிறுவனை ஆசனத்தில் அமர்த்தினார்கள். புலவர்கள் ஒவ்வொருவராக வாசிக்க, சிறுவன் அசையாமல் இருந்தான். மருதன் இளநாகனாரின் உரைக்குச் சிற்சில இடங்களில் உடல் புளகித்தான். நக்கீரரின் உரைக்கோ சொல்லுக்குச் சொல் கண்கலங்கிச் சிலிர்த்துப் போனான். தீர்ப்பு முடிந்தது. அந்த உரை இச்சிறுவனைக் காரணிகன் என்ற சொல்லால் குறிப்பதுதான் இதில் வேடிக்கை. காரணத்தை ஆராய்ந்து நியாயம் சொல்பவன் என்பது அச்சொல்லின் கருத்து. நம் காரணிகனோ ஒரு காரணமும் சொன்னானில்லை. அவன் தீர்ப்புத் தவறு என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் மற்றப் புலவர்கள் வீடு திரும்பி, தம் ஏட்டில் எந்த இடத்தைத் திருத்துவது என்று தெரியாமல் விழித்திருப்பார்கள் என்பது நிச்சயம்.

அதே நக்கீரர் தருமியின் பாட்டைத் தள்ளிய கதையில் நடந்தது வேறு. பாட்டு நன்றாக இல்லை என்று சொல்லி அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குற்றம் சொல்லில் இல்லை, பொருளில் இருக்கிறது என்று வகைப்படுத்தி, பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற ஒரு புள்ளியில் கொண்டுபோய் விவாதத்தை நிறுத்தினார். அப்படி நிறுத்தியதனால்தான் எதிர்த்தரப்பு எழுந்து வாதிட முடிந்தது. காரணம் சொன்ன தீர்ப்போடு வழக்காடலாம். கண்ணீரோடு எப்படி வழக்காடுவது?

என் மருமகளின் கைபேசியில் இருந்த 14 என்ற எண் உருத்திரசன்மனின் பரம்பரையைச் சேர்ந்தது. அது சரியான எண்ணாகவே இருக்கலாம். ஆனால் ஊமை எண். அந்த எண்ணுக்கு வாய் கொடுப்பதற்காக இன்று கல்லூரிகளில் கையாளப்படும் ஓர் உபாயத்துக்கு ரூப்ரிக் என்று பெயர்.

செங்காவியைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியில் வந்த பெயர் இது. இடைக்கால ஐரோப்பாவின் வழிபாட்டு நூல்களில், எந்தக் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற விதிகளைச் சிவப்பு மையினால் எழுதிவைத்தார்கள். நாளடைவில் மையின் பெயர் விதிக்கே ஆகிவிட்டது. சிவப்பு மையை உபாத்தியாயரின் கோபத்தோடு மாத்திரம் சேர்த்து நினைத்துப் பழகிய நமக்கு, பிழையைப் பின்னால் சுழிப்பதற்கு முன்பே விதியை அறிவித்துவிடுகிற சிவப்பும் ஒன்று இருந்தது என்பது நல்ல செய்திதான்.

ரூப்ரிக்கைத் தமிழில் மதிப்பீட்டு அட்டவணை என்று சொல்லலாம். கட்டுரையில் எந்தெந்த அம்சங்கள் பார்க்கப்படும் என்பது அதில் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வோர் அம்சத்துக்கும் எதிரே, கடைத்தரத்திலிருந்து முதல்தரம் வரையில் மூன்று அல்லது நான்கு படிகள் கட்டங்களாக விரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும், அந்தப் படியில் நிற்கும் எழுத்து எவ்வாறு இருக்கும் என்பதை விவரிக்கும் ஒரு வாக்கியமும் அதற்குரிய மதிப்பெண்ணும் காணப்படும். மாணவர் எழுதத் தொடங்குவதற்கு முன்பே அட்டவணை அவர் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது இதன் உயிர்நாடி. அளந்து முடித்த பிறகு காட்டுகிற படியை எந்தச் சந்தையிலும் நம்ப மாட்டார்கள்.

இந்த யோசனை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தையும் ஆகிவரும் அழகுகள் பத்தையும் முன்கூட்டியே பெயர் சொல்லி வகுத்தார். வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வது குன்றக் கூறல். எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பரப்புவது மற்றொன்று விரித்தல். கட்டுரையின் ஓரத்தில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்றை எழுதினாலே போதும், மாணவருக்குத் தம் நோய் இன்னதென்று விளங்கிவிடும். மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது அவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். முதல், இடை, கடை என்று பெயரிட்டதோடு நில்லாமல், பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், வயிறார மேய்ந்து பின்னர் அசைபோடும் பசு, சொல்லிக்கொடுத்ததை மாத்திரம் சொல்லும் கிளி, ஊற்றியதெல்லாம் ஒழுகிப்போகும் ஓட்டைக்குடம், நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை என்று ஒவ்வொரு தரத்தையும் கண்ணால் காணக்கூடிய ஒரு நடத்தையால் விளக்கினார். நல்ல அட்டவணைக்கு இலக்கணம் இதுவே. 'மிக நன்று', 'நன்று', 'சுமார்' என்று கட்டங்களை நிரப்புகிறவர் எண்ணையே எழுத்தால் மறுபடியும் எழுதுகிறார். அன்னத்தையும் ஓட்டைக்குடத்தையும் காட்டுகிறவர்தான் மாணவருக்கு உபகாரம் செய்கிறார்.

காரணமில்லாத மதிப்பெண் எவ்வளவு தள்ளாடும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் ஆகிய இருவரும் 1912இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒருவர் 64 போட்ட அதே தாளுக்கு இன்னொருவர் 98 போட்டார். மொழிப்பாடமாக இருப்பதால்தான் இந்தக் கோளாறு என்று சிலர் சமாதானம் சொல்லவே, அடுத்த ஆண்டில் வடிவகணிதத் தாள் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள்; அங்கே வித்தியாசம் இன்னும் பெரிதாயிற்று. விடையைப் பார்ப்பதா, வழியைப் பார்ப்பதா, கையெழுத்தைப் பார்ப்பதா என்பதை ஒவ்வொருவரும் தம் மனத்துக்குள் தனித்தனியே முடிவு செய்துகொண்டதன் பலன் இது.

1961இல் பால் டீடரிக்கும் அவர் துணைவர்களும் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு 94 கட்டுரைகள் ஏழோ அதற்கு மேலோ வெவ்வேறு தரங்களைப் பெற்றன. அந்தக் குழப்பத்தைக் கண்டு மனம் தளராமல், திருத்தியவர்கள் ஏன் வேறுபட்டார்கள் என்று தோண்டிப் பார்த்தபோது, ஒருவர் கருத்தையும், ஒருவர் அமைப்பையும், ஒருவர் நடையின் சுவையையும், ஒருவர் இலக்கணப் பிழையையும், ஒருவர் சொற்தேர்வையும் பிரதானமாகக் கொண்டு அளந்திருப்பது தெரிந்தது. ஐந்து வகையினரும் தத்தம் தராசில் சரியாகவே நிறுத்திருந்தார்கள்; தராசுகள்தாம் வேறு. ஆகையால் ஐந்தையும் வெளியே எடுத்துத் தனித்தனி வரிசையாக எழுதிவிட்டால் என்ன என்ற எண்ணமே இன்றைய அட்டவணைக்கு வித்தாயிற்று என்று சொன்னால் பெரிதும் பிழையாகாது.

மதுரைச் சீமையில் இந்தப் பிரச்சினை வந்து சேர்ந்த வழி சுவாரசியமானது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கம், பால பண்டிதம், பண்டிதம் என்ற பரீட்சைகளை நடத்திப் பட்டம் வழங்கியது. 1966இல் மதுரைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் ஏற்பட்டு, தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தரானார். பின்னாளில் காமராசர் பெயரைச் சூடிய அந்தப் பல்கலைக்கழகம், தேனிச் சாலையில் இருந்தபடி, அஞ்சல்வழிக் கல்வியையும் எழுபதுகளிலேயே தொடங்கிவிட்டது. பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் விளக்கடியில் படித்தவர்கள் விடையெழுதித் தபாலில் சேர்த்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஆசிரியர் முகத்தை அறியாமல் மதிப்பெண்ணை மாத்திரம் அறிந்துகொண்ட முதல் தலைமுறை அவர்கள்.

1978இல் அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் தன்னாட்சி பெற்றபோது நிலைமை தலைகீழாக மாறியது. அதுவரையில் விடைத்தாள் எங்கோ சென்று, யாரோ ஒருவர் கையில் திருத்தப்பட்டு, எண்ணாகத் திரும்பி வந்தது. தன்னாட்சிக்குப் பிறகு, பாடம் சொன்னவரே வினாவும் எழுதி, விடையையும் திருத்தி, அகமதிப்பெண்ணையும் போட வேண்டியவரானார். அறியாதவர் திருத்தினால் அலட்சியம் இருக்குமோ என்று ஐயம். அறிந்தவர் திருத்தினால் பட்சபாதம் இருக்குமோ என்று ஐயம். மாணவர்கள் வழக்கில் 'இன்டர்னல் மார்க்' என்று சொல்லும்போது அந்தச் சொல்லோடு ஒரு பெருமூச்சும் கூடவே வருவதற்குக் காரணம் இரண்டாவது ஐயந்தான்.

பொதுத்தேர்வில் இந்த ஐயத்தைத் தணிக்க நம் மாநிலத்தில் நல்ல ஏற்பாடுகள் உண்டு. விடைத்தாள் திருத்தும் மையத்தில் முதலில் விடைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு விவாதிக்கிறார்கள். உதவித் தேர்வாளர் திருத்தியதைக் கூர்ந்தாய்வாளர் பார்க்கிறார். முதன்மைத் தேர்வாளர் மேற்பார்வையிடுகிறார். மாணவர் பெயர் தெரியாதபடி தாளில் வேறு எண் இடப்படுகிறது. ஆனால் விடைக்குறிப்பு, ஒரே விடையுள்ள வினாவுக்குத்தான் பூரணமாக உதவும். 'உன் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுது' என்ற வினாவுக்கு விடைக்குறிப்பு ஏது? பள்ளிகளில் 2012-13இல் முப்பருவ முறை புகுந்து, வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்றும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்றும் பிரிக்கப்பட்டதுமுதல், செய்துகாட்டும் வேலைக்கும் எழுதிக்கொடுக்கும் ஒப்படைப்புக்கும் மதிப்பெண் போட வேண்டிய அவசியம் கிராமத்துத் தொடக்கப் பள்ளிவரையில் வந்து சேர்ந்துவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடைபெறாமற் போய், பத்தாம் வகுப்புக்கு 50, பதினோராம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்ற விகிதத்தில் மதிப்பெண் கணக்கிடப்பட்டபோது, எந்தப் பகுதிக்கு எவ்வளவு கனம் என்ற கேள்வி உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துத் தேநீர்க் கடைகளிலும் அலசப்படும் விஷயமாயிற்று.

இனி இணையவழிக் கல்விமுறைக்குள் நுழைந்து பார்ப்போம். உலகெங்கும் கல்வி ஸ்தாபனங்கள் பரவலாகப் பயன்படுத்தும் மூடில் என்ற மென்பொருளை உருவாக்கியவர் மார்ட்டின் டூகியாமஸ். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலக் குடியிருப்பொன்றில், பள்ளிக்கூடம் எட்டாத தொலைவில் இருந்ததால் வானொலி வழியே பாடம் கேட்டு வளர்ந்தவர் அவர் என்பது பொருத்தமான பூர்வகதை. 2002இல் வெளியான அந்த மென்பொருளை எவரும் விலையின்றி எடுத்துத் தம் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். அதில் ரூப்ரிக் வசதி 2011 டிசம்பரில் வந்த பதிப்பில் சேர்ந்தது. பள்ளிகளுக்குப் பழக்கமான கூகுள் கிளாஸ்ரூமிலும் பிற்பாடு இதே வசதி வந்துவிட்டது.

ஆசிரியர் ஓர் ஒப்படைப்பை அமைக்கும்போது, மதிப்பிடும் முறை என்ற இடத்தில் ரூப்ரிக்கைத் தெரிந்தெடுத்து, வரிசைகளையும் படிகளையும் எழுதிச் சேமிக்கிறார். மாணவர்கள் அதை முன்னதாகவே பார்க்கலாம் என்று அனுமதிக்க ஒரு குறி இருக்கிறது. அதை மறந்துவிட்டால் அட்டவணை ஆசிரியரின் பெட்டிக்குள் பூட்டிய சாஸனமாகிவிடும். திருத்தும்போது ஒருபுறம் கட்டுரை, மறுபுறம் அட்டவணை. ஒவ்வொரு வரிசையிலும் பொருந்திய கட்டத்தைத் தொட்டால் அது நிறம் மாறும். கூட்டல் கணக்கை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். வரிசைதோறும் இரண்டு வார்த்தை எழுத இடமும் உண்டு. மாணவர் பெயரை மறைத்து வெறும் எண்ணாகக் காட்டச் செய்யும் ஏற்பாடும் இருக்கிறது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இன்னொன்று: சிலருக்கு மதிப்பெண் போட்ட பிறகு ஆசிரியர் அட்டவணையைத் திருத்த முற்பட்டால், ஏற்கெனவே திருத்தியவற்றை மறுபடியும் பார்க்க வேண்டுமா என்று அந்த மென்பொருள் கேட்கிறது. ஆட்டம் நடக்கும்போது விதியை மாற்றுகிறவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

கணக்கில் ஒரு கண்ணி உண்டு. ஆசிரியர்கள் அதில் கால் வைத்துவிடுகிறார்கள். நான்கு வரிசைகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 வரை படிகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா வரிசையிலும் 2 வாங்கிய மாணவருக்கு 16க்கு 8. ஆகவே 20க்கு 10 வரும் என்றுதான் எவரும் எண்ணுவார். ஆனால் அமைப்பில் ஒரு குறியை இடாமல் விட்டால், மூடில் மிகக் குறைந்த கூட்டுத்தொகையாகிய 4ஐப் பூஜ்யமாகக் கொண்டு, 12க்கு 4 என்று கணக்கிட்டு, 6.67 என்று காட்டும். கடைப்படிக்கு 0 என்று வைத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

என் மருமகளின் அடுத்த ஒப்படைப்பு, அவள் கேள்வி யார் காதில் விழுந்ததோ, அட்டவணையோடு வந்தது. 1645ஆம் ஆண்டை ஒட்டித் திருமலை நாயக்கர் வெட்டுவித்த தெப்பக்குளத்துக்கு வைகையிலிருந்து நீர் வரும் வழியைப் பற்றி எழுதும்படி பணித்திருந்தார்கள். நேரில் கண்ட சான்றுக்கு 8, கருத்துகளின் கோவைக்கு 5, மொழிக்கு 4, பிறர் சொன்னதைப் பெயர் சொல்லி எடுத்தாளும் நேர்மைக்கு 3 என்று 20 மதிப்பெண்ணும் பிரிக்கப்பட்டிருந்தன. முதல் வரிசையின் கட்டங்கள் இப்படி இருந்தன: நீர் வரும் வழியில் மூன்று இடங்களையேனும் நேரில் பார்த்து, நாளும் இடமும் குறித்து விவரித்தால் 8, பார்த்ததை விவரித்து, எப்போது எங்கே என்பதை விட்டுவிட்டால் 6, நூல்களிலிருந்து சரியாகத் தொகுத்துச் சொல்லி, நேரில் சென்ற அடையாளம் இல்லாவிட்டால் 3, ஆதாரம் ஒன்றும் இல்லாவிட்டால் 0.

இந்த நான்கு வாக்கியங்களை எழுதியவர் பரீட்சகராக மாத்திரம் இருக்க முடியாது. நல்ல உபாத்தியாயராகவும் இருக்க வேண்டும். 20இல் 8ஐச் சான்றுக்கு ஒதுக்கியதன் மூலம், இந்த வேலையில் எதை முக்கியமாக மதிக்கிறார் என்பதை அவர் பிரசங்கம் செய்யாமலே தெரிவித்துவிட்டார். கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் இயந்திரங்கள் பெருகிவிட்ட இந்நாளில், மொழிக்கும் கோவைக்கும் மதிப்பெண் முழுவதையும் கொடுக்கிறவர் இயந்திரத்துக்கே பட்டம் வழங்குவார். வெயிலில் நடந்து கால்வாய்க் கரையில் நின்றதற்கு மதிப்பெண் கொடுக்கிறவரை ஏமாற்றுவது அத்தனை சுலபமன்று.

படிகளுக்கு இடும் பெயரும் யோசித்து இட வேண்டியது. 2022இல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், குழந்தைகளின் கற்றல் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கடைசிப் பெஞ்சு என்ற பழைய இழிசொல்லை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! ஆனால் அதிகாலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ப் பாருங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு அங்கே விலை சொல்வது மொட்டாக இருக்கும்போதுதான். மலர்ந்துவிட்டால் விலை இறங்கிவிடும். பள்ளியில் கடைசிப் படி மலர். சந்தையில் முதல்தரம் மொட்டு. எது மேல், எது கீழ் என்பது பொருளில் இல்லை; எதற்காக அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. வேறொரு கல்லூரியின் அட்டவணையை அப்படியே நகலெடுத்துத் தம் வகுப்பில் ஒட்டிவிடும் ஆசிரியர், பூச்சந்தைத் தராசைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிவருகிறவர்.

அட்டவணை இருந்தால் மாத்திரம் நியாயம் வந்துவிடாது. ஒரே வகுப்பின் கட்டுரைகளை இரண்டு ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டு திருத்துவதானால், முதலில் ஐந்தாறு கட்டுரைகளை இருவரும் தனித்தனியே திருத்தி, எங்கே வேறுபட்டார்கள் என்று பேசித் தெளிய வேண்டும். சில வேளைகளில் மாணவர்களையே ஒருவர் எழுத்தை ஒருவர் அட்டவணை கொண்டு மதிப்பிடச் செய்யலாம். மூடிலில் அதற்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. பிறர் கட்டுரையில் மற்றொன்று விரித்தலைக் கண்டுபிடித்தவன், தன் கட்டுரையில் அதைச் செய்யக் கூசுவான். வரிசைகளும் நான்கைந்துக்கு மேற்படக் கூடாது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் கைபேசித் திரையில்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். பன்னிரண்டு வரிசை அட்டவணையை அதில் இழுத்து இழுத்துப் படிப்பதற்குள் எழுதும் உற்சாகமே வடிந்துவிடும்.

இந்த முறைக்கு ஆட்சேபணைகளும் உண்டு. அவற்றை அலட்சியம் செய்வது நேர்மையாகாது. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஆல்ஃபி கோன் 2006இல் எழுதிய கட்டுரையொன்றில், அட்டவணை ஆசிரியரையும் மாணவரையும் ஒரே அச்சில் வார்த்துவிடும் என்றும், பிள்ளைகள் எழுதுவதை மறந்து கட்டங்களை நிரப்பத் தொடங்கிவிடுவார்கள் என்றும் எச்சரித்தார். 1988இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வும் சிந்திக்க வைப்பது: விமர்சனம் மாத்திரம் பெற்ற பிள்ளைகளுக்குக் கற்பதில் ஊக்கம் நிலைத்தது, விமர்சனத்தோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த நன்மை தென்படவில்லை. எண்ணைக் கண்ட கண் எழுத்தைப் படிப்பதில்லை போலும்! ஆகையால், கட்டங்களையும் குறிப்புகளையும் முதலில் காட்டி, எண்ணை இரண்டு நாள் கழித்து வெளியிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

இவற்றினும் ஆழமான ஆட்சேபணை நக்கீரர் கதைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அவர் அளவுகோல் தெளிவானது; காரணம் சொல்லக்கூடியது; தருக்கத்தில் நிற்கக்கூடியது. ஆயினும் அவர் குற்றம் கண்டதாகக் கதை சொல்லும் அந்தப் பாட்டு, குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக இன்றளவும் வீற்றிருக்கிறது. அதைப் படிக்கிற எவரும் கூந்தலின் மணத்தை ரசாயன சாலைக்கு அனுப்பிவிட்டுப் பிறகு ரசிப்பதில்லை. கட்டங்களுக்குள் அடங்காத எழுத்து என்று ஒன்று எப்போதாவது வரும். அது வரும்போது, எல்லா வரிசைகளிலும் நடுத்தரம் பெற்று, மொத்தத்தில் 13 வாங்கிக்கொண்டு அது போய்விடக்கூடாது. டீடரிக்கின் ஆய்வில் நடையின் சுவை என்று ஒரு வகையினர் தேடினார்களே, அதற்கும் ஆசிரியர் ஓர் இடம் ஒதுக்கி, ஏன் தம்மை அந்த எழுத்துச் சிலிர்க்க வைத்தது என்று தம் சொந்த வார்த்தைகளில் எழுத வேண்டும். உருத்திரசன்மனின் கண்ணீர் பொய்யன்று. அதற்கு நக்கீரரின் நாவும் துணை சேர வேண்டும் என்பதே நாம் கேட்பது.

பத்து நாட்களுக்குப் பிறகு மருமகள் மீண்டும் கைபேசியோடு வந்தாள். சான்றில் 3, கோவையில் 4, மொழியில் 4, நேர்மையில் 2; மொத்தம் 13. முந்தியதைவிட ஒன்று குறைவு. அழுவாளோ என்று பார்த்தேன்.

"நான் எங்க மாமா போய்ப் பாத்தேன்? எல்லாம் படிச்சுத்தான் எழுதுனேன். மூணுதான் வரும்" என்றாள், பிறர் வீட்டுக் கணக்கைச் சொல்வதுபோல.

மறுநாள் விடியற்காலையில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஆற்றிலிருந்து பனையூர்க் கால்வாய் பிரிகிற இடம் எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். அந்த ஒப்படைப்புக்கு மதிப்பெண் போட்டு முடித்தாகிவிட்டதே என்றேன்.

"மார்க்குக்கு இல்ல மாமா" என்று சொல்லிவிட்டு, நான் செருப்பைத் தேடுவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.